"உப்பு ஏறியிருக்கு" என்றால், எந்த உப்பு என்று கேளுங்கள்

நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர் பக்கம் கிட்னி நோய்க்கு ஒரே பெயர்தான்: உப்பு. "அவருக்கு உப்பு ஏறிடுச்சாம்", "யூரின்ல உப்பு போகுதாம்", "மாசமா இருந்தப்போ உப்பு இருந்துச்சு". மலையில் மட்டும் இல்லை, கீழேயும் பல ஊர்களில் இப்படித்தான் பேசுகிறோம். எங்கள் அம்மாவுக்கும் இப்படித்தான் சொல்லி அனுப்பினார்கள். நாங்களும் ஊறுகாயை நிறுத்தினோம், அப்பளத்தை நிறுத்தினோம், கல்லுப்பை மாற்றி இந்துப்பு வாங்கினோம், செய்ய வேண்டியதெல்லாம் செய்தாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிட்டோம். அவருக்கு ஏறியிருந்தது சாப்பாட்டு உப்பே இல்லை.

இந்த ஒரு சொல்லுக்குள் நாலு சமாசாரம் இருக்கிறது. ரத்தத்தில் தேங்கும் கிரியேட்டினின், யூரியா என்ற கழிவுகள் ஒன்று. சிறுநீரில் ஒழுகும் அல்புமின் இன்னொன்று, அது புரதம், உப்புக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. சோடியம், பொட்டாசியம், பைகார்பனேட் என்ற நிஜ உப்புகள் மூன்றாவது. கல்லாகப் படியும் ஆக்ஸலேட், யூரிக் அமிலம் போன்றவை நாலாவது. ஒவ்வொன்றுக்கும் சோதனை வேறு, அர்த்தம் வேறு, செய்ய வேண்டியதும் வேறு. அதனால் யாராவது "உப்பு இருக்கு" என்றால், ரிப்போர்ட்டில் அது எந்த வரி என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நான் 16 வருடமாக லேபில் ரத்தம் எடுத்து, மெஷினில் ஓட்டி, ரிப்போர்ட் அடித்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். மருந்து சொல்வது டாக்டர் வேலை. எந்தச் சோதனையைக் கேட்டு வாங்குவது, அந்தத் தாளை எப்படிப் படிப்பது, எந்த எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது, இதைத்தான் நான் சொல்ல முடியும்.

முதலில் ஒன்று. கிட்னி பழுதானால் பெரும்பாலும் வலிக்காது. இடுப்பு வலிக்கிறது, கிட்னியாக இருக்குமோ என்று வருபவர்களில் நிறையப் பேருக்குத் தசைவலிதான் இருக்கும், கூடை சுமந்த முதுகு அது. நிஜமாகவே கிட்னி போய்க்கொண்டிருப்பவர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார். ஒரு கிட்னியில் ஏறத்தாழ பத்து லட்சம் வடிகட்டிகள், இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு 180 லிட்டர் அளவுக்கு வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டர் போல மட்டும் சிறுநீராக வெளியே விடுகின்றன. இவ்வளவு கையிருப்பு இருப்பதால் பாதி போகும்வரை உடம்பு காட்டிக்கொடுக்காது.

இருக்கிற கொஞ்சநஞ்ச அறிகுறிகளையும் இந்த மலை மறைத்துவிடும். இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீருக்கு எழுந்திருப்பது கிட்னி நோயின் ஆரம்ப அடையாளங்களில் ஒன்று. இங்கே யாரைக் கேட்டாலும் "குளிருக்கு அப்படித்தான்" என்பார்கள், குளிரில் சிறுநீர் கூடுவதும் உண்மைதான். ஆனால் ஏப்ரல், மே மாதத்திலும் அதே போல எழுந்தால் குளிர்மேல் பழி போடாதீர்கள். சிறுநீரில் நுரை எல்லோருக்கும் கொஞ்சம் வரும், தண்ணீர் ஊற்றியும் கலையாமல் நாள்தோறும் நின்றால் அதைச் சோதிக்க வேண்டும். இளஞ்சிவப்பாகப் போனால் முந்தின நாள் பீட்ரூட் சாப்பிட்டீர்களா என்று நினைத்துப் பாருங்கள், நம் ஊரில் அது சாதாரணம். கறி கழுவின தண்ணீர் போலவோ கட்டன் சாயா நிறத்திலோ போனால் அன்றைக்கே போய்ச் சோதியுங்கள்.

அப்படியானால் அறிகுறி இல்லாமலே யார் சோதித்துக்கொள்ள வேண்டும்? சுகர் இருப்பவர், பிரஷர் இருப்பவர், இந்த இரண்டு கூட்டமும்தான் பெரிது. கூடவே, வீட்டில் யாருக்காவது டயாலிசிஸ் நடந்திருந்தால், கல் அடிக்கடி வந்தால், கர்ப்ப காலத்தில் பிரஷரும் "உப்பும்" இருந்திருந்தால், முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் "ஒரு செட்" வாங்கி மாதக்கணக்காகப் போட்டிருந்தால், எலிக்காய்ச்சலோ உண்ணிக்காய்ச்சலோ வந்து படுத்திருந்தால், மலைத்தேனீயோ குளவியோ கூட்டமாகக் கொட்டியிருந்தால். கடைசியில் சொன்னதை விளையாட்டாக எடுக்காதீர்கள். நிறைய இடத்தில் கொட்டு விழுந்தால் தசை சிதைந்து, அதன் நிறமி கிட்னியில் அடைக்கும். வீக்கம் வடிந்த பிறகும் ஓரிரு நாள் கழித்துச் சிறுநீர் கருத்துக் குறையலாம்.

சரி, சோதனைக்கு வருவோம். இரண்டே இரண்டு போதும். ரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம், லேபில் ஏ.சி.ஆர். என்பார்கள். ஒன்று வடிகட்டி எவ்வளவு ஓடுகிறது என்று சொல்லும், மற்றது வடிகட்டி ஓட்டையாகிவிட்டதா என்று சொல்லும். முதல் சோதனை மட்டும் எடுத்து "நார்மல்" என்று வீட்டுக்குப் போகும் பழக்கம்தான் அதிகம்.

கிரியேட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. தசை அதிகம் இருப்பவருக்கு இயல்பாகவே அதிகம், மெலிந்த வயதானவருக்குக் குறைவு. இதில்தான் எங்கள் வீட்டில் ஏமாந்தோம். அம்மா நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர், 65 வயது, 12 வருடமாகச் சுகர், 42 கிலோ. ஒரு தனியார் லேபில் கிரியேட்டினின் 1.1 என்று வந்தது, பக்கத்தில் நட்சத்திரக் குறி இல்லை, தடித்த எழுத்தில் இல்லை, கோப்பில் வைத்துவிட்டோம். அடுத்த வருடமும் அதுவே. அந்தத் தாளைப் பார்த்தது நானும்தான், அது இன்றைக்கும் மனதை அறுக்கிறது. அதே 1.1 ஒரு 25 வயது இளைஞனுக்கு வந்தால் அவன் வடிகட்டும் வேகம் 95 போல இருக்கும், ஒன்றும் பிரச்சினை இல்லை. 65 வயதுப் பெண்ணுக்கு அதே 1.1 என்றால் 56. எண் ஒன்று, கிட்னி வேறு.

இந்த 95, 56 என்பதுதான் இ-ஜி.எஃப்.ஆர். கிரியேட்டினினோடு வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துப் போடும் கணக்கு. இதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். லேப் அச்சடித்துத் தராவிட்டால் போனில் கணக்கிடும் வசதி இருக்கிறது, 2021-ம் வருடச் சூத்திரம் என்று பார்த்துப் போடுங்கள். 90-ம் அதற்கு மேலும் நன்று. 60 முதல் 89 வரை இருந்து சிறுநீரில் அல்புமினும் ரத்தமும் இல்லை, ஸ்கேனிலும் குறை இல்லை என்றால் அதை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல மாட்டார்கள். 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் நாள்பட்ட கிட்னி நோய். 30-க்குக் கீழே போனால் கிட்னி டாக்டர் கட்டாயம், 15-க்குக் கீழே கிட்னி செயலிழப்பு.

ரத்தம் கொடுக்கும் முந்தின இரவு மட்டன், சிக்கன் வேண்டாம், வெந்த கறி கிரியேட்டினினைத் தற்காலிகமாக ஏற்றிக் காட்டும். ஜிம்முக்குப் போய் கிரியேட்டின் பவுடர் சாப்பிடும் தம்பிகள் அதைச் சொல்லிவிடுங்கள். யூரின் இன்ஃபெக்‌ஷனுக்குக் கொடுக்கும் கோட்ரைமாக்ஸசோல் மாத்திரையும் கிட்னியைக் கெடுக்காமலே எண்ணைக் கூட்டிக் காட்டக் கூடும். கை, கால் எடுக்கப்பட்டவர், படுத்த படுக்கையாக மெலிந்தவர், இவர்களுக்குக் கிரியேட்டினினை நம்பவே முடியாது, சிஸ்டாட்டின் சி என்ற சோதனையைக் கேட்கலாம்.

யூரியா பற்றி ஒரு வார்த்தை. இங்கே ஒரு லேபில் எடுத்துவிட்டு அடுத்ததைக் கோயம்புத்தூரில் எடுப்பார்கள், ஒன்றில் 20, இன்னொன்றில் 43, "ஒரு வாரத்தில் இரண்டு மடங்கு ஆகிவிட்டது" என்று அழுதுகொண்டு வந்தவர்கள் உண்டு. முதல் தாளில் இருப்பது பி.யூ.என்., அதாவது யூரியாவிலுள்ள நைட்ரஜனின் அளவு, இரண்டாவதில் இருப்பது முழு யூரியா. பி.யூ.என்-ஐ 2.14-ஆல் பெருக்கினால் யூரியா, அவ்வளவுதான், இரண்டும் ஒன்று. தண்ணீர் குடிக்காமல் இருந்தாலே யூரியா ஏறும். குளிர் என்று நாள் முழுக்க இரண்டு டம்ளர் டீயோடு ஓட்டுகிறவர்கள் இங்கே ஏராளம்.

இப்போது சிறுநீர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீரில் சோதனைப் பட்டையை முக்கி நிறம் பார்ப்பது நல்ல தொடக்கம். பட்டையில் ஒரு பிளஸ், இரண்டு பிளஸ் என்றால் அதை விடாதீர்கள். ஆனால் பட்டை "இல்லை" என்றாலும் ஆரம்பக் கசிவு இருக்கலாம், அந்தச் சிறு அளவை ஏ.சி.ஆர். மட்டுமே பிடிக்கும். காலையில் முதல் சிறுநீர், நடுப்பகுதியைப் பிடித்துக் கொடுங்கள். காய்ச்சல், எரிச்சல், மாதவிடாய் இருக்கும் நாளில் வேண்டாம், மலை ஏறி இறங்கிய மறுநாளும் வேண்டாம். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே அல்புமின் என்றால் சரி. 30 முதல் 300 வரை கசிவு, 300-க்கு மேல் பெரிய ஒழுக்கு. இ-ஜி.எஃப்.ஆர். 100 இருந்தாலும் ஏ.சி.ஆர். 30-ஐத் தாண்டி மூன்று மாதம் நின்றால் அதுவும் கிட்னி நோயே, மருந்து நன்றாக வேலை செய்யும் காலமும் அதுதான். அம்மாவுக்கு இந்தச் சோதனையை அந்த இரண்டு வருடமும் யாரும் எழுதவில்லை.

ஒரு தடவை வந்த எண்ணை வைத்து முத்திரை குத்தாதீர்கள். மூன்று மாதம் கழித்து இரண்டையும் மறுபடி எடுங்கள். விதிவிலக்கு ஒன்று: கிரியேட்டினின் 48 மணி நேரத்தில் 0.3 கூடினாலோ, ஒரு வாரத்தில் ஒன்றரை மடங்கானாலோ அது திடீர்ப் பாதிப்பு, அப்போது மூன்று மாதம் காத்திருப்பது தப்பு, அன்றே ஆஸ்பத்திரி.

நோய் இருக்கிறது என்று தெரிந்தபின் ஏன் வந்தது என்று பார்க்க வேண்டும். சுகர் இருந்தால் உடனே "சுகரால்தான்" என்று முடித்துவிடுவார்கள், பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனாலும் கண்ணின் பாவையை விரித்து விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். சுகரால் கிட்னி கெட்டிருந்தால் பெரும்பாலும் விழித்திரையிலும் அதன் தடம் இருக்கும். கண் சுத்தமாக இருந்து, சிறுநீரில் ரத்த அணுக்கள் தெரிந்து, சில மாதங்களிலேயே எண்கள் சரிந்தால் வேறு காரணம் தேட வேண்டும், கிட்னியிலிருந்து ஊசியால் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சி வரை போகலாம். ஸ்கேனில் பெரியவர்களுக்கு 9 முதல் 12 செ.மீ. நீளம் இருக்கும், சுருங்கிச் சிறுத்திருந்தால் நாள்பட்டது. சுகர்காரர்களுக்கு மட்டும் நோய் முற்றியும் அளவு சரியாகவே தெரியும், ஏமாந்துவிடாதீர்கள்.

பிரஷரை அளக்கும்போது இங்கே ஒரு சிக்கல். குன்னூரில் பாதி கிளினிக்குகள் படிக்கட்டு ஏறித்தான் போக வேண்டும், ஏறிப்போன மூச்சோடு பட்டையைச் சுற்றினால் கூடத்தான் காட்டும். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, ஸ்வெட்டர் கையைச் சுருட்டி இறுக்காமல் கழற்றிவிட்டு அளக்கச் சொல்லுங்கள்.

கூடலூர், பந்தலூர், கோத்தகிரி பக்கத்துப் பழங்குடிக் குடும்பங்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தியாவில் அரிவாள் செல் நோய் 1952-ல் முதன்முதலாகப் பதிவான இடங்களில் நீலகிரியும் ஒன்று. பிறை போல வளையும் சிவப்பணுக்கள் கிட்னியின் உட்பகுதியில் நுண்குழாய்களை அடைக்கும், சிறுநீரைச் செறிவாக்கும் திறன் முதலில் போகும், அதனால் அந்தக் குழந்தைகள் நிறையத் தண்ணீர் கேட்பார்கள், வளர்ந்தும் படுக்கையை நனைப்பார்கள். அவர்களை அடிக்கவோ திட்டவோ வேண்டாம். இந்த நோயில் கிட்னி முதலில் அளவுக்கு மீறி வேலை செய்வதால் கிரியேட்டினின் குறைவாகவே காட்டும், அதை நம்பக் கூடாது, 10 வயதிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை சிறுநீர் அல்புமின் பார்க்க வேண்டும்.

இன்னும் சில காரணங்கள் கேட்டால்தான் வெளியே வரும். முகம் வெளுக்கும் கிரீம் என்று லேபிள் சரியில்லாமல் விற்பதில் பாதரசம் இருக்கலாம். நாடுகாணிக்கு அந்தப் பக்கம் கேரளத்து மலப்புரத்தில் அப்படிப்பட்ட கிரீம் போட்டவர்களுக்கு சிறுநீரில் புரதம் கொட்டியதை 2023-ல் அங்குள்ள டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். கொழுப்பு குறையும் என்று இரும்பன்புளிச் சாறு குடித்து, அதிலுள்ள ஆக்ஸலேட் கிட்னியில் படிந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் கேரளத்தில் உண்டு. நட்சத்திரப் பழமும் கிட்னி நோயாளிக்கு ஆபத்து, மூளையைத் தாக்கி விக்கல், குழப்பம், வலிப்பு வரை கொண்டுபோகும். பாதரசம், ஈயம் சேர்ந்த பற்பம், பேர் தெரியாத சூரணம், எல்லாவற்றையும் டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

அடுத்தது, கிட்னி கெட்டதால் உடம்புக்குள் என்ன கலைந்திருக்கிறது என்று பார்ப்பது. இங்கேதான் நிஜ உப்புகள் வருகின்றன.

பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டும். 6-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு தடுமாறும், சத்தமே இல்லாமல் நின்றும் போகும். நம் ஊர் ரிப்போர்ட்டில் இந்த எண்ணைப் படிக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள். எடுத்த ரத்தத்தை சென்ட்ரிஃப்யூஜில் சுற்றிச் சீரம் பிரிக்காமல் குளிரில் வைத்தால் சிவப்பணுக்களுக்குள்ளிருந்து பொட்டாசியம் வெளியே கசியும், உடம்பில் இல்லாத பொட்டாசியம் குழாயில் ஏறும். டிசம்பர், ஜனவரி உறைபனியில் காலை எடுத்த ரத்தம் பெட்டியில் கிடந்து, மதியம் மேட்டுப்பாளையம் இறங்கி, சாயங்காலம் மெஷினுக்குப் போனால் 4.5 என்பது 6 ஆகலாம். கையை இறுக்கி மூடி மூடித் திறந்தாலும், ஊசியில் ரத்தம் சிதைந்தாலும் ஏறும். "பிரித்துத்தான் அனுப்பினீர்களா?" என்று கேட்பது உங்கள் உரிமை. அதற்காக 6-ஐப் பார்த்து "குளிராக இருக்கும்" என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள், அன்றே ஈ.சி.ஜி. எடுத்து, ரத்தத்தையும் மறுபடி கொடுங்கள்.

நிஜமாகவே ஏறியிருந்தால் சாப்பாட்டைப் பார்க்க வேண்டும். ஊட்டி உருளைக்கிழங்கைத் தோல் சீவி, சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் நன்றாகக் குறையும். பட்டர் ஃப்ரூட், வாழைப்பழம், ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் இளநீர், இவை வேண்டாம். உப்பு என்ற சொல் இங்கேயும் குழி வெட்டும்: "உப்பைக் குறை" என்றதும் கடையில் சோடியம் குறைந்த உப்பு என்று வாங்குகிறார்கள், அதில் சோடியத்துக்குப் பதில் சேர்ப்பதே பொட்டாசியம் குளோரைடுதான். இந்துப்போ, பேர்தான் வேறு, அதுவும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடு. ஆனால் பொட்டாசியம் சரியாக இருப்பவர் பயந்துபோய்க் காய்கறி, பழத்தை எல்லாம் நிறுத்த வேண்டாம்.

பைகார்பனேட் 22-க்குக் கீழே போனால் ரத்தத்தில் அமிலம் கூடுகிறது, தசையும் எலும்பும் கரையும். சில லேபில் இதை டோட்டல் சி.ஓ.2 என்று போடுவார்கள். பாஸ்பரஸ் ஏறும், கால்சியம் இறங்கும், ஏனென்றால் வைட்டமின் டி-யைக் கடைசியாகச் செயல்பட வைப்பது கிட்னிதான். உடனே கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து கால்சியத்தை உருவ ஆரம்பிக்கும், எலும்பு வலிக்கும், உடம்பு அரிக்கும். அந்த வலிக்கு மறுபடி மருந்துக்கடை செட், அதிலுள்ள டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை கிட்னியை மேலும் கெடுக்கும். லைன் வீடுகளில் இந்தச் சுழலை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஹீமோகுளோபின் குறையும், ரத்தம் ஊறச் சொல்லும் ஹார்மோனும் கிட்னியிலிருந்துதான் வருகிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், இங்கே வாழ்பவர்களுக்குச் சமவெளியைவிட ஹீமோகுளோபின் சற்றே கூடுதலாக இருக்கும், ஆகவே ஓரத்தில் நிற்கும் எண்ணை "நார்மல்" என்று தள்ளாமல் பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிடுங்கள்.

சுகர் விஷயம்தான் எங்களை முழுதாக ஏமாற்றியது. மூன்றாவது வருடம் அம்மாவின் சுகர் தானாகவே இறங்க ஆரம்பித்தது, மாத்திரை அதே, சாப்பாடு அதே. கேழ்வரகுக் களி வேலை செய்கிறது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். ஒருநாள் விடிகாலையில் வேர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி, பார்த்தால் சுகர் 48. இன்சுலினை உடைத்து வெளியேற்றும் வேலையில் கிட்னிக்குப் பெரிய பங்கு உண்டு, அது சோர்ந்தால் இன்சுலினும் சில சுகர் மாத்திரைகளும் உடம்பிலேயே தங்கும். அன்றைக்கு எடுத்த கிரியேட்டினின் 1.9, வயது 68, இ-ஜி.எஃப்.ஆர். 28. காரணமில்லாமல் சுகர் இறங்கினால் சந்தோஷப்படும் முன் கிட்னியைப் பாருங்கள். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை இ-ஜி.எஃப்.ஆர். 45-க்குக் கீழே குறைக்க வேண்டியது, 30-க்குக் கீழே நிறுத்த வேண்டியது, இதையும் டாக்டரிடம் கேளுங்கள். ரத்தசோகை வந்தபின் மூன்று மாதச் சராசரியான ஹெச்.பி.ஏ1சி-யும் தப்பாகக் காட்டும், விரலில் குத்திப் பார்க்கும் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

மருந்து தொடங்கியதும் பயந்துவிடக் கூடாத ஒன்று: பிரஷருக்கும் புரதக் கசிவுக்கும் கொடுக்கும் ரமிப்ரில், டெல்மிசார்டன் வகை மாத்திரை ஆரம்பத்தில் கிரியேட்டினினை 30 சதவீதம் வரை ஏற்றலாம். அது எதிர்பார்த்ததே, நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒன்றிரண்டு வாரத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்த்து டாக்டர் முடிவு செய்வார். வாந்தி, பேதியில் தண்ணீர் வற்றிக் கிடக்கும் நாளில் மட்டும் அதைத் தொடரலாமா என்று போன் செய்து கேளுங்கள்.

மூச்சு வாங்கிப் படுக்க முடியவில்லை, சிறுநீர் நின்றுவிட்டது, திடீரென்று கைகால் தளர்ந்து நெஞ்சு படபடக்கிறது, நினைவு குழம்புகிறது, இவற்றில் எது வந்தாலும் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். தேதி, கிரியேட்டினின், இ-ஜி.எஃப்.ஆர்., ஏ.சி.ஆர்., பொட்டாசியம், பைகார்பனேட், ஹீமோகுளோபின், பிரஷர், எடை, ஒரு வரிக்கு ஒரு நாள். கோப்பில் தனித்தனித் தாளாக இருக்கும்வரை 1.1, 1.3, 1.9 எல்லாம் சின்ன எண்கள். ஒன்றன்கீழ் ஒன்றாக 56, 45, 28 என்று எழுதியபோதுதான் என் கை நடுங்கியது. ஊட்டிக்குப் போனாலும் கோயம்புத்தூருக்குப் போனாலும் அந்த நோட்டை முதலில் நீட்டுங்கள். கடைசிப் பக்கத்தில் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் எழுதுங்கள், மருந்துக்கடை செட், லேகியம், முகத்துக்குப் போடும் கிரீம் உட்பட.